ஈமுவோடு நடந்த சண்டையும் எங்க காட்டு வேலியும்

இந்த வருசம் ஆடிப்பட்டத்துல கல்லக்காய் போட்டிருந்தேன். நிலக்கடலைக்கு எங்க ஊர்ப் பேர் அதுதான். விதைச்ச மூணாம் நாள் காலையில போய்ப் பார்த்தா, சால் பிடிச்ச மாதிரி வரிசையா மண்ணைக் கிளறி விதையைத் தின்னுட்டு, வாய்க்கால் மேட்டுல பதினெட்டு மயில் நின்னுட்டிருக்கு. அதுல ஒண்ணு தோகையை விரிச்சு எனக்கே ஆடிக் காட்டுது. சென்னையில இருந்து வர்ற சொந்தக்காரங்க இதைப் பார்த்தா போட்டோ எடுப்பாங்க. எனக்குக் கல்லைத் தேடத்தான் தோணுச்சு.

தப்பிப் பிழைச்சு முளைச்சது காய் பிடிக்கிற சமயத்துல ராத்திரி காட்டுப்பன்னி வர ஆரம்பிச்சது. ஆத்தோரச் சீமைக்கருவேலம் புதர்தான் அதுக்குக் குடியிருப்பு. பகலுக்கு மயில், ராத்திரிக்குப் பன்னி. மில்லுல ஷிப்ட் போட்ட மாதிரி, ஒண்ணு போனா ஒண்ணு வரும்.

எங்க காட்டுக்கு மேற்கால காட்டுக்காரர் பங்காளி முறையில எனக்கு அண்ணன். அறுபத்தி ரெண்டு வயசு. அவருக்கு என்னைவிடச் சேதம் அதிகம். ஒரு நாள் சாயங்காலம் சாளை வாசல்ல வந்து உக்காந்தார். தண்ணி குடிச்சார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் மெதுவா, "தம்பி, மோட்டார் ரூம்ல இருந்து ஒரு கம்பி இழுத்து உட்ரலாம்னு இருக்கறேன். ராத்திரி மட்டுந்தான்" என்றார்.

எனக்கு வயிறு கலங்கிப் போச்சு. கம்பி என்று அவர் சொன்னது, லைன் கரண்டை நேரா வேலிக் கம்பியில விடறது. நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க. யானை செத்தது என்று செய்தி வரும், அதே மாதிரி தண்ணி கட்டப் போன ஆள் செத்தது என்றும் வரும். கம்பிக்கு இவன் பன்னி, இவன் பக்கத்துக் காட்டுக்காரன் என்று தெரியாது. அவர் காட்டுக்கும் என் காட்டுக்கும் நடுவுல இருக்கிற வரப்புலதான் என் மகன் ராத்திரி மடை மாத்தப் போவான்.

அந்த வாரம்தான் பெங்களூருல வேலை பார்க்கிற அக்கா மகன் வாட்ஸப்புல ஒரு படம் அனுப்பினான். ஆஸ்திரேலிய ராணுவம் ஈமு கோழிகூடச் சண்டை போட்டுத் தோத்துப் போச்சாம். "மாமா, உங்க மயிலுக்கும் மிலிட்டரியக் கூப்பிடலாமா?" என்று கீழே எழுதி நாலு சிரிப்பு பொம்மை போட்டிருந்தான். நானும் சிரிச்சேன். அப்புறம் ஒரு நினைப்பு வந்தது. ராணுவத்தைக் கூப்பிடற அளவுக்கு ஒரு விவசாயி எப்படிப் போனான்? அதை அந்தப் படத்துல யாரும் சொல்லலை. ஈமு எனக்கும் பழைய பகையாளி வேற, அதைப் பின்னாடி சொல்றேன். அதனால கிடைச்சதை எல்லாம் தேடிப் படிச்சேன்.

கதை முதல் உலகப்போர் முடிஞ்ச இடத்துல தொடங்குது. போர்ல இருந்து திரும்பி வந்த சிப்பாய்களுக்கு ஆஸ்திரேலிய அரசாங்கம் நிலம் கொடுத்தது. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நல்ல நிலம் எல்லாம் ஏற்கெனவே கைமாறிப் போயிருந்தது. நிறையப் பேருக்குக் கிடைச்சது ஓரஞ்சாரத்து நிலம். மேற்கு ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல இருந்து கிழக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உள்ளே, மழை நம்பிக்கை இல்லாத வறண்ட காடு. கேம்பியன், சாண்ட்லர், வால்கூலன் என்று ஊர்ப் பேர்கள். துப்பாக்கி பிடிச்ச கை மண்வெட்டி பிடிச்சது. புதரை வெட்டி, வேரைப் பிடுங்கி, கோதுமை போட்டாங்க.

1929-ல உலகம் முழுக்க வியாபாரம் படுத்தது. கோதுமை விலை சரிஞ்சது. 1930-ல அரசாங்கம் ஒரு காரியம் பண்ணுச்சு. இன்னும் நிறையக் கோதுமை போடுங்க, நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேணும் என்று பிரசாரம் செய்தது. ஒரு புஷெலுக்கு 4 ஷில்லிங் தர்றோம் என்று வாக்கு. புஷெல்னா கோதுமையில ஏறக்குறைய 27 கிலோ. விவசாயிகள் நம்பி விதைச்சாங்க. விளைச்சல் வந்தது. சொன்ன விலை வரலை. அந்தச் சட்டம் மேல்சபையில தோத்துப் போச்சு. விதைக்கச் சொன்னவங்களே கையை விரிச்சாங்க. எந்த ஊர் விவசாயிக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. 1932 அக்டோபர்ல, கோதுமையை ஏத்தி அனுப்ப மாட்டோம் என்று அவங்க மிரட்டுற நிலைமை.

அந்த நேரம் பார்த்து ஈமு வந்தது. ஏறக்குறைய 20,000 பறவைகள் என்கிறாங்க.

ஈமுவை நீங்க பார்த்திருப்பீங்க. பறக்காது. ஆள் உயரம் நிக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல ஓடும். குஞ்சு பொரிக்கிற காலம் முடிஞ்சதும் உள்நாட்டுல இருந்து கடலோரம் பார்த்துக் கூட்டமா நடக்கிறது அதுங்க வழக்கம். வழியில முன்னாடி வெறும் காடு இருந்தது. இப்போ புதர் வெட்டிய திறந்த வெளி, முத்தின கோதுமைக் கதிர், ஆடு மாட்டுக்கு என்று விவசாயி கட்டி வெச்ச தண்ணி. ஈமு கண்ணுல இது யாரோ பந்தி விரிச்சு வெச்ச மாதிரிதான். நாம விவசாயம் பண்றதே சில சமயம் பத்திரிகை அடிச்சு அழைக்கிற மாதிரி ஆயிடுது.

தின்னதைவிட மிதிச்சது அதிகம். அதைவிடப் பெரிய சேதம், முயலுக்காகப் போட்டிருந்த வேலியை ஈமு முட்டிப் பிய்ச்சது. அந்தச் சந்துல முயல் புகுந்தது.

இந்த முயல் கதையே தனியா ஒரு புராணம். 1859-ல விக்டோரியா பகுதியில தாமஸ் ஆஸ்டின் என்கிற ஒரு பண்ணைக்காரர், வேட்டை பழகறதுக்காக இங்கிலாந்துல இருந்து சுமார் ரெண்டு டஜன் முயலை வரவழைச்சு அவுத்து விட்டார். பொழுதுபோக்குக்கு. அது பெருகிப் பெருகி அம்பது வருசத்துக்குள்ள கண்டத்தையே மேய ஆரம்பிச்சது. மேற்கு ஆஸ்திரேலியா 1901-ல ஒரு வேலி போட ஆரம்பிச்சு 1907-ல முடிச்சது. முதல் வேலி மட்டும் 1,833 கிலோமீட்டர். கன்னியாகுமரியில இருந்து சென்னை போய், திரும்பிக் கன்னியாகுமரி வந்து, மறுபடியும் கிளம்பித் திருச்சியைத் தாண்டிப் போற தூரம். இதுல வேடிக்கை என்னன்னா, வேலி பாதியில இருக்கும்போதே முயல் அந்தப் பக்கம் போயிருச்சு. அப்புறமும் விடலை. இன்னொரு வேலி, அதுக்கப்புறம் இன்னொண்ணு. வேலியோரம் ரோந்து போக ஆள் போட்டு, குதிரையிலும் ஒட்டகத்திலும் போய்ப் பிய்ஞ்ச இடத்தை ஒட்டுப் போட்டுட்டே இருந்தாங்க.

சரி, ஈமுவுக்கு வருவோம்.

நம்ம ஊர்ல யானை வந்தா ரேஞ்சர் ஆபீசுக்குப் போவோம். அங்கே அந்த விவசாயிகள் வேளாண்மை மந்திரிகிட்டப் போகலை, பாதுகாப்பு மந்திரிகிட்டப் போனாங்க. ஏன்னா அவங்க பழைய சிப்பாய்கள். அவங்க பாஷை புரியறது அங்கேதான். போர்ல மெஷின் கன் என்ன பண்ணும் என்று கண்ணால பார்த்தவங்க. அதைக் கொடுங்க என்று கேட்டாங்க. மந்திரி சர் ஜார்ஜ் பியர்ஸ் ஒத்துக்கிட்டார். நிபந்தனை என்னன்னா, துப்பாக்கியை ராணுவத்தார்தான் சுடணும், போக்குவரத்துச் செலவு மாநில அரசாங்கம், சாப்பாடும் தங்க இடமும் குண்டுக்கான காசும் விவசாயி தலையில. நல்லா கவனிங்க. கோதுமைக்கு விலை கொடுக்காத அரசாங்கம், குண்டுக்கு விலை வாங்குது. சிப்பாய்களுக்குக் குறிபார்த்துச் சுடப் பழக்கம் ஆகும் என்பதும் மந்திரியோட கணக்கு. கூடவே சினிமாச் செய்திப்படம் எடுக்க ஒரு கேமராக்காரர். போதாததுக்கு, ஈமுத் தோல் நூறு எடுத்துட்டு வாங்க, இறகு குதிரைப்படைக்காரங்க தொப்பியில சொருக ஆகும் என்று ஒரு உத்தரவு. சண்டைக்குப் போறதுக்கு முன்னாடியே இறகைப் பங்கு போட்டாச்சு.

படை எவ்வளவு பெருசுன்னு நினைக்கறீங்க? பீரங்கிப் படையைச் சேர்ந்த மேஜர் மெரிடித், அவர்கூட ரெண்டு சிப்பாய். ரெண்டு லூயிஸ் மெஷின் கன். 10,000 குண்டு. அவ்வளவுதான். அக்டோபர்லயே போயிருக்கணும். மழை பெஞ்சு ஈமு சிதறிப் போனதால தள்ளிப் போச்சு. வருசம் பூரா வராத மழை அன்னிக்குத்தான் வந்தது.

1932 நவம்பர் 2. முதல் நாள் ஒரு அம்பது ஈமு கண்ணுல பட்டது. குண்டு எட்டாத தூரம். ஊர்க்காரங்க ஆடு ஓட்டுற மாதிரி இந்தப் பக்கம் ஓட்டி விடப் பார்த்தாங்க. ஈமு கொஞ்சம் கொஞ்சமாப் பிரிஞ்சு ஆளுக்கொரு திசையில ஓடுச்சு. மெஷின் கன்னோட பலமே கூட்டத்தைச் சுடறதுதான். கூட்டமே இல்லைன்னா அதை வெச்சு என்ன பண்றது?

நவம்பர் 4. ஒரு அணைக்கட்டுப் பக்கத்துல பதுங்கி உக்காந்தாங்க. ஆயிரத்துக்கு மேல ஈமு தண்ணிக்கு வந்தது. இதைவிட நல்ல வாய்ப்பு வராது. கிட்ட வர்ற வரைக்கும் பொறுத்துச் சுட ஆரம்பிச்சாங்க. பன்னெண்டு பறவை விழுந்ததும் துப்பாக்கி சிக்கிக்கிச்சு. அதைச் சரி பண்ணித் தலை நிமிர்ந்து பார்த்தா ஒண்ணையும் காணோம். தண்ணி கட்டற அன்னிக்கு மோட்டார் காயில் போற மாதிரிதான்.

அடுத்து மெரிடித் ஒரு துப்பாக்கியை லாரியில ஏத்தினார். குண்டும் குழியுமான காட்டுல லாரி ஈமுவை எட்டிப் பிடிக்கலை. ஆட்டத்துல மேலே நின்ன ஆளுக்குத் தன்னைப் பிடிச்சுக்கவே கை பத்தலை, எங்கே சுடறது? ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைவன் இருக்கு, மத்ததெல்லாம் மேயும்போது அது கழுத்தை நீட்டிக் காவல் நிக்குது என்று கூடப் போனவங்க கவனிச்சுச் சொன்னாங்க. குண்டு பட்டும் ஓடுற ஈமுவை டாங்கியோட ஒப்பிட்டு மெரிடித்தே பின்னாடி வியந்து பேசினார். எதிரியை வாயாரப் புகழ்ந்த தளபதி அவர்.

நவம்பர் 8-க்குள்ள 2,500 குண்டு தீர்ந்தது. செத்த ஈமு எத்தனை என்பதுல ஆளுக்கொரு கணக்கு. அம்பதுன்னும் சொல்றாங்க, இருநூறுன்னும் சொல்றாங்க. படைக்கு உயிர்ச்சேதம் இல்லை என்று மெரிடித் அறிக்கையில எழுதினார். நாடாளுமன்றத்துல கேலி ஆயிருச்சு. இந்தப் போர்ல கலந்துக்கிட்டவங்களுக்குப் பதக்கம் உண்டா என்று ஒருத்தர் கேக்க, கொடுக்கறதா இருந்தா ஈமுவுக்குத்தான் கொடுக்கணும், இதுவரைக்கும் அதுதான் ஜெயிச்சிருக்கு என்கிற மாதிரி இன்னொருத்தர் பதில் சொன்னார். படையைத் திரும்பக் கூப்பிட்டாங்க.

விவசாயிகள் மறுபடியும் கெஞ்சி, நவம்பர் 13-ல ரெண்டாம் சுற்று. இந்தத் தடவை கொஞ்சம் பரவாயில்லை. டிசம்பர் 10-ல முடிச்சுக்கிட்டு வந்த மெரிடித் கணக்கு கொடுத்தார். 9,860 குண்டு, 986 ஈமு. சரியா பத்து குண்டுக்கு ஒண்ணு. எங்க ஊர் சொசைட்டியில இவ்வளவு சுத்தமா ஒரு கணக்கு வந்தா, தலையாட்டிட்டு வெளியே வந்து சிரிப்போம்.

வாட்ஸப்புக் கதை இதோட முடிஞ்சிருது. ஈமு ஜெயிச்சது, மனுசன் தோத்தான், சிரிப்பு பொம்மை. ஆனா படை ரயிலேறிப் போன மறுநாள் காலையில அந்த விவசாயி என்ன பண்ணியிருப்பான்? எனக்கு அங்கேதான் கதை ஆரம்பிக்குது. மேஜருக்கு வேற வேலை இருக்கு, மந்திரிக்கு வேற கேள்வி இருக்கு, கேமராக்காரருக்கு வேற படம் இருக்கு. அவனுக்கு அதே காடு, அதே கடன், அதே ஈமு. அவன் எழுந்து போய்ப் பிய்ஞ்ச வேலியைக் கட்டினான். வேற வழி?

1934, 1943, 1948 என்று திரும்பத் திரும்ப ராணுவத்தைக் கேட்டாங்க. கிடைக்கலை. அதுக்குப் பதிலா, ஈமுவைச் சுட்டுக் கொண்டு வர்ற ஆளுக்குச் சன்மானம் என்று ஏற்கெனவே இருந்த திட்டத்தையே தொடர்ந்தாங்க. 1934-ல ஆறே மாசத்துல 57,034 ஈமுவுக்குச் சன்மானம் வாங்கியிருக்காங்க. மெஷின் கன் ஆயிரத்தைத் தொடலை. தன் காட்டைத் தெரிஞ்ச, எந்த வழியா எப்போ வரும் என்று தெரிஞ்ச ஆள், சாதாரணத் துப்பாக்கியோட அதைச் சாதிச்சுட்டான். அந்த எண்ணிக்கையைப் படிச்சு எனக்குச் சந்தோசம் வரலை. அத்தனை உயிர். அதே ஈமுதான் கங்காருகூட அவங்க நாட்டுச் சின்னத்துல நிக்குது. 1922 வரைக்கும் அங்கே அது பாதுகாக்கப்பட்ட பறவை. அப்புறம் பயிருக்குப் பகை என்று பட்டியலை மாத்தினாங்க. நம்ம மயில் 1963-ல இருந்து தேசியப் பறவை. எங்களுக்கு அது முருகன் வாகனமும்கூட. தினைப்புனத்துல பரண் கட்டிக் குருவி ஓட்டுன வள்ளியைக் கட்டிக்கிட்டவர், தன் வாகனத்தை எங்க காட்டுல மேய விட்டிருக்கார். மாமனார் வீட்டுத் தொழில் தெரிஞ்சும் இப்படிப் பண்ணலாமா என்று எங்கம்மா சஷ்டி அன்னிக்கு விளக்கு ஏத்திக்கிட்டே கேக்கும்.

கடைசியில நின்னது வேலிதான். 1930-களுக்குப் பின்னாடி அந்தப் பக்கம் உயரமான வேலி பரவலாச்சு. முயலுக்காகப் போட்ட அந்தப் பழைய வேலிப் பாதையில பெரும்பகுதி இன்னிக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல நிக்குது. இப்போ ஈமுவுக்கும் காட்டு நாய்க்கும் அது தடுப்பு. இன்னிக்கும் ஆள் போட்டுப் பராமரிக்கறாங்க. அதை யாரும் வாட்ஸப்புல அனுப்ப மாட்டாங்க. ஒருத்தன் கம்பியை முறுக்கிட்டு இருக்கறதுல சிரிக்க என்ன இருக்கு?

இப்போ என் பகையைச் சொல்றேன். இதைச் சொல்லாம விட்டா அந்த வெள்ளைக்காரங்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

பெருந்துறையை மையமா வெச்சு எங்க பக்கம் ஈமுக் காய்ச்சல் அடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒன்றரை லட்சம் கட்டினா ஆறு குஞ்சு. தீவனம் அவங்க கொடுப்பாங்க. மாசாமாசம் ஆறாயிரம், வருசத்துக்கு ஒரு போனஸ், ரெண்டு வருசத்துல கட்டின பணம் திருப்பி. டிவியில விளம்பரம். எண்ணெய் மருந்துக்கு, தோல் பைக்கு, இறகு அலங்காரத்துக்கு, முட்டை ஓடு கலைப்பொருளுக்கு என்று ஒரு நோட்டீஸ். இறகைப் பங்கு போடறது அங்கேயும் இருந்தது பாருங்க. எங்கம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. "ஏஞ்சாமி, இதத் திங்கறவன் யாரு?" நான் ஏற்றுமதி என்றேன். யாருக்கு, எந்தச் சந்தைக்கு என்று நானும் யாரையும் கேக்கலை. எருமையை வித்த காசுல பாதி, சம்சாரத்தோட நகையை வெச்ச காசுல பாதி.

முதல் நாலு மாசம் பணம் வந்தது. 2012 ஆகஸ்டுல மொத்தமும் சரிஞ்சது. ஆபீஸைப் பூட்டிட்டாங்க. ஆயிரக்கணக்கான குடும்பம் நடுரோட்டுல நின்னது. தீவனம் இல்லாம விட்ட ஈமுக்களை அரசாங்கமே கால்நடைத்துறையை வெச்சுத் தீனி போட்டுக் காப்பாத்துற நிலைமை. வழக்கு கோயமுத்தூர்ல நடந்தது. என் பட்டியில ஆறு ஈமு. ஆறும் ஆள் உயரம். தீனி கேட்டுத் தகரத்தைத் தட்டும்.

ஒரு நாள் ராத்திரி படலைத் தள்ளிட்டு ரெண்டு வெளியே ஓடிருச்சு. மேஜர் மெரிடித் லாரியில துரத்தினார். நான் டிவிஎஸ் 50-ல துரத்தினேன். பின்னாடி மேற்கால காட்டு அண்ணன், கையில ஒரு பழைய சேலை. அதை வீசிப் பிடிக்கறதுதான் திட்டம். இட்டேரிச் சந்துல போகும்போது கல்லுல ஏறி வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அண்ணன் கிளுவை முள்ளு வேலியில. சேலையும் அவரும் ஒண்ணாச் சிக்கிட்டாங்க. கத்தினதுல ஊரே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது. விடியக்காலை அஞ்சு மணிக்கு ரெண்டு ஈமுவும் எங்க மாட்டுத் தொட்டியில தண்ணி குடிச்சுட்டு நிக்குது. எங்கேயும் போகலை. தண்ணி இருக்கிற இடத்துக்குத் தானா வந்திருச்சு.

கடைசியில ஒருத்தர் கறிக்கு என்று அடிமாட்டு விலை பேசி ஏத்திட்டுப் போனார். அந்தப் பட்டியில இப்போ ஆடு கட்டியிருக்கேன். நகையைத் திருப்ப அஞ்சு வருசம் ஆச்சு. சம்சாரம் இன்னிக்கும் முட்டை வாங்கப் போகும்போது, "பெரிய முட்டை வேணுமா, சின்ன முட்டை போதுமா?" என்று கேக்கும். எனக்குத்தான் அர்த்தம் தெரியும்.

யோசிச்சுப் பார்த்தா அந்தக் கேம்பியன் விவசாயி, ஈமு வளர்த்த நான், கம்பி இழுக்க நினைச்ச அண்ணன், மூணு பேரும் ஒரே ஆள்தான். சரியா விலை கிடைக்காம, மழை கிடைக்காம, கடன் கழுத்தைப் பிடிக்கும்போது, ஒரே ராத்திரியில எல்லாத்தையும் முடிச்சு வைக்கிற ஒரு சாமான் மேல கண் போகுது. அவனுக்கு மெஷின் கன், எனக்கு ஆறு குஞ்சு, அண்ணனுக்கு லைன் கம்பி. பேராசைன்னு வெளியே இருந்து சொல்றது சுலபம். நான் பார்த்தவரைக்கும் அதுல பாதிக்கு மேல அலுப்பு. தினம் தினம் அதையே செஞ்சு செஞ்சு சலிச்சுப்போன மனுசனோட அலுப்பு.

அன்னிக்கு ராத்திரி அண்ணன்கிட்ட சட்டம் பேசலை. ஜெயில் என்று சொன்னா கோபம்தான் வரும். சோலார் வேலி வேற, அது துடிப்பு துடிப்பா அடிச்சு விரட்டும், ஆளைக் கொல்லாது, அதுக்கு மானியம் கேட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். அதுவரைக்கும் ராத்திரிக் காவலுக்கு நானும் வர்றேன் என்றேன். ரெண்டு பேரும் டார்ச்சும் தகர டப்பாவும் எடுத்துட்டுப் பரண்ல ஏறினோம். தூக்கம் வராம இருக்க இந்த ஈமுக் கதையைச் சொன்னேன். லாரியில துரத்தின இடத்துல அண்ணன் சிரிச்ச சிரிப்புல டப்பாவே தட்ட வேண்டியதில்லாம போச்சு. பன்னி வந்திருந்தாலும் ஓடியிருக்கும். "எனக்குக் கிளுவை முள்ளு குத்துன எடம் இன்னும் வலிக்குதுடா" என்று முழங்கையைக் காட்டினார். பன்னெண்டு வருசம் கழிச்சு அன்னிக்குத்தான் அந்த ராத்திரியைப் பத்தி ரெண்டு பேரும் சிரிச்சோம். அதுவரைக்கும் பேச்சே எடுத்ததில்லை. ஏன்னா நான் சொல்லித்தான் அவரும் ஒன்றரை லட்சம் கட்டியிருந்தார்.

ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டார். "அப்பறம் அந்த வெள்ளைக்காரனுங்க கடைசியில என்ன பண்ணுனானுங்க?"

"வேலி போட்டாங்கண்ணா."

"எத்தன வருசமாச்சு போட்டு முடிக்க?"

"இன்னும் போட்டுட்டுத்தான் இருக்கறாங்க."

அவர் ஒண்ணும் சொல்லலை. எங்க கொரங்காட்டு ஓரத்துல எங்கப்பாரு வெச்ச கிளுவை வேலி நிலா வெளிச்சத்துல தெரிஞ்சுட்டிருந்தது. மழைக்கு முன்னாடி போத்து வெட்டி வரிசையா நட்டு, காய்ஞ்சதை எடுத்துட்டு வேற நட்டு, அது நெருங்கிப் பின்னிக்கிட்டு வேலி ஆகச் சில வருசம் பொறுக்கணும். மேற்கால காட்டு ஓரத்துல இருந்த கிளுவையை அண்ணன்தான் இருபது வருசத்துக்கு முன்னாடி, இடத்தை அடைக்குது என்று ஜேசிபி விட்டுப் பிடுங்கினார்.

விடியற நேரத்துல, "ஏன் தம்பி, உங்க வேலியில போத்து வெட்டிக்கலாமா?" என்றார்.

இருநூறு போத்து வெட்டிக் கொடுத்தேன். ரெண்டு பேருமாச் சேர்ந்து நட்டோம். கிளுவை மயிலுக்குத் தடுப்பு இல்லை, அது எங்களுக்குத் தெரியும். பன்னிக்காவது தடுப்பாகட்டும், ஆக நாலஞ்சு வருசம் ஆகட்டும். அதுவரைக்கும் பரண் இருக்கு, டப்பா இருக்கு, கதை இருக்கு. கல்லக்காய் இந்த வருசம் ஏக்கருக்கு நாலு மூட்டை குறைவு. கம்பி இழுக்கலை. மகன் ராத்திரி பயமில்லாம மடை மாத்தப் போறான்.

நட்ட எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். அண்ணன் ஏற்கெனவே வந்து ஒவ்வொரு போத்தா ஆட்டிப் பார்த்துட்டிருந்தார். கொஞ்சம் தள்ளி ஒரு போத்து மேல, வேலி எப்படி இருக்கு என்று சோதிக்க வந்த அதிகாரி மாதிரி, ஒரு மயில் உக்காந்திருந்தது.